பென்சில் உருளும் பக்கம்

ஒஸ்ட்ராவாவில் நெடில் கிடையாது.
எல்லாவற்றையும் குறிலாக்கி விழுங்குகிறார்கள்.
வாயை அகலத் திறந்தால் கரி உள்ளே போகும்,
சூளைக் காலத்தில் பழகிவிட்டது என்றார்
வீட்டுத் தரகர் குபிச்செக், சிரிக்காமல்.
நான் தெற்கே ஸ்நோய்மோ.
திராட்சை பழுப்பது போல மெதுவாய்
இழுத்துப் பேசுகிற ஊர்.
வீட்கோவிட்சே என்று நான் சொன்னால்
விட்கோவிட்சே என்று அவர் திருப்பித் தருவார்,
சில்லறை சரியாக எண்ணித் தருவது போல.

முதல் வீடு பொருபாவில்.
அரசனுக்கென்று தொடங்கி
உலைக்காரனுக்குக் கொடுத்து முடித்ததுபோல்
தூணும் வளைவும்.
வாசலுக்கு மேல் கல்லில் ஒரு சுரங்கத் தொழிலாளி.
மூக்கு மட்டும் போயிருந்தது.
காற்று மேற்கிலிருந்துதான் வரும்,
புகை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது என்றார்.
அப்படியென்றால் எந்தப் பக்கம் போகும்?
காரைக் கிளப்பினார்.

அடுத்தது பழைய பம்பு நிலையம்,
இப்போது மாடி மாடியாய்க் குடியிருப்பு.
தலைக்கவசங்களைக் கவிழ்த்து விளக்காக்கியிருந்தார்கள்.
ஸ்பினியெக் அண்ணாந்து பார்த்தபடியே நின்றான்.
அவனுக்குப் பிடித்தால் அப்படித்தான், பேச்சு நின்றுவிடும்.
அபோலெனா எக்கி ஒரு கவசத்தின் உள்ளே படித்தாள்:
"ஏதோ -லிச். முன்பாதி அழிந்துவிட்டது, அம்மா."
தினமும் அந்த -லிச்சின் வெளிச்சத்தில்
கைப்பையைக் குடைந்து சாவி தேடுவதா?
வேண்டாம் என்றேன்.
காரணம் கேட்டான். வாடகை என்றேன்.

போகிற வழியெல்லாம் பனி.
கூரை, டிராம் கம்பி, நாய்க்கூண்டு, எல்லாம் வெள்ளை.
ஒரு மேடு மட்டும் கறுப்பாய் ஈரமாய்
மெல்லப் புகைந்துகொண்டிருந்தது.
"எமா. சுரங்கக் கழிவு.
உள்ளே இன்னும் எரிகிறது, பனி தங்காது.
ஏறிப் பார்த்தால் புல் இருக்கும், இந்த மாசியிலும்."
அதை விற்க முடியாது என்பதாலோ என்னவோ
அந்த ஒன்றை மட்டும்
அவர் ஆசையாய்ச் சொன்னார்.

கடைசி வீடு விட்கோவிட்சேயில், செங்கல் வரிசையில்.
பூமி இறங்கவேண்டியது இறங்கி முடிந்தது,
சான்றிதழ் இருக்கிறது என்று கோப்பைத் திறந்தார்.
அபோலெனா தரையில் பென்சிலை வைத்தாள்.
அது ஒரு கணம் யோசித்தது.
பிறகு உருண்டு, வேகம் பிடித்து,
ரேடியேட்டருக்கு அடியில் போய் மறைந்தது.

அப்போதுதான் சுவர் பேசத் தொடங்கியது.
ஹாக்கி ஆட்டம். வர்ணனையாளர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.
குபிச்செக் சுவரைத் தட்டினார்,
பிறகு முஷ்டியால் குத்தினார்.
"வ்லாஸ்திமில். நாற்பது வருஷம் சம்மட்டிப் பட்டறை.
மன்னியுங்கள். வேறு எந்தத் தொந்தரவும் கிடையாது."

என் வேலையை நான் அவரிடம் சொல்லவில்லை.
கண்ணாடி அறையில் ஆளை உட்காரவைத்து
சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்வேன்.
முதலில் உச்ச ஒலிகள் போகும்:
சிட்டுக்குருவி, 'ஸ்', கொதிக்கிற கெட்டிலின் விசில்.
பிறகு பேரப்பிள்ளைகள்.
இங்கே மருத்துவமனையில் எட்டு மாத வரிசையாம்.
அதற்காகத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

நான் நல்லவள் என்று நினைத்துவிட வேண்டாம்.
அன்றிரவு விடுதியில் சண்டை.
ஸ்பினியெக்கின் தாளில் சதுர மீட்டர், பள்ளிக்கூடம், தூசி அளவு,
எல்லாக் கட்டத்திலும் பொருபாவே ஜெயித்தது.
என் பக்கம் ஒரு கட்டமும் இல்லை.
சமையலறையில் வெயில் வருகிறது என்றேன்.
வரவில்லை. நாங்கள் போனபோது மணி நாலரை,
இருட்டிவிட்டிருந்தது.
அதை அவன் சொல்லிக்காட்டவில்லை.
தாளை மடித்தான், நாலாக, எட்டாக.

சித்திரையில் குடிவந்தோம்.
கட்டிலின் இரண்டு காலுக்கு அட்டை கொடுத்தோம்;
ஒரு காலுக்கு அந்தத் தாள்.
மூன்றாம் வாரம் தொலைபேசியை எடுத்து
ரூஷெனா பேசுகிறேன் என்பதற்குப் பதில்
ருஷெனா என்றேன். யாரும் கவனிக்கவில்லை.
வ்லாஸ்திமில் இன்னும் என் அறைக்கு வரவில்லை.
அழைப்பு மணி அவருக்குக் கேட்பதில்லை.
கதவிடுக்கில் சீட்டுச் செருகியிருக்கிறேன்.

நேற்று பெருக்கும்போது
ரேடியேட்டருக்கு அடியில் கையை விட்டேன்.
எங்கள் பென்சில்.
கூடவே ஒரு பித்தான், ஒரு கோலி,
தேசம் இரண்டாவதற்கு முந்திய நாணயம் ஒன்று,
யாருடையதோ ஒரு பால்பல்.
அபோலெனா கோலியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.
மற்றவற்றை இருந்த இடத்திலேயே
திரும்பத் தள்ளிவைத்தாள்,
பென்சிலோடு சேர்த்து.